"மேர்ச்சன்ட் பாங்கர்" என்றால் யார்?

இலண்டனில் நான் முதன்முதலாகச் சேர்ந்த கணினி நிறுவனத்தில், எமது மேலாளரை உடன் பணிபுரிந்தோர் "மேர்ச்சன்ட் பாங்கர்" என்று குறிப்பிடுவதுண்டு. முன்னர் வங்கித்துறையில் இருந்தவர் போலும் என எண்ணி, "எந்த வங்கியில் பணியாற்றினீர்கள்?" என்று மிகுந்த மரியாதையுடன் அவரிடமே கேட்டுவிட்டேன். அறையில் எழுந்த சிரிப்பின் பொருள் விளங்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கிழக்கு இலண்டனின் கொக்னி வழக்கில், வெளிப்படையாகச் சொல்ல விரும்பாத சொல்லுக்குப் பதிலாக அதனோடு ஈற்றொலி ஒத்த தொடரொன்றைச் சொல்வர். எமது யாப்பிலக்கணத்தில் இதனை இயைபு என்போம். இங்கு மறைந்திருந்த சொல் "வாங்கர்". சுயஇன்பம் செய்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் திட்டுபவர் கருதுவது அதையன்று. தற்பெருமை பிடித்தவன், எவ்வித மதிப்புக்கும் தகுதியற்றவன் என்பதையே. அதன் வேர் எதுவென அகராதிகளும் அறியா. உதைபந்தாட்ட அரங்குகளில் இதனைக் கைச்சைகையாலேயே சொல்லிவிடுவர்.

2000ஆம் ஆண்டில் பிபிசியும் ஒளிபரப்பு, விளம்பரக் கண்காணிப்பு அமைப்புகளும் இணைந்து நடத்திய ஆய்வில், பிரித்தானிய மக்கள் இச்சொல்லைக் கடுமையான வசைகளுள் 4ஆம் இடத்தில் வைத்தனர். எனவே பிள்ளை இதனைச் சொன்னதாகப் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தால் பெற்றோர் கோபம் கொள்வது இயல்பே.

ஆனால் அதே பட்டியலில் "பாக்கி" என்ற சொல்லும் இருந்தது. 1998இல் 17ஆம் இடத்தில் இருந்த அது, 2000இல் 10ஆம் இடத்துக்கு ஏறியது. எம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த சொல் இது. இதனை வீட்டில் வந்து சொன்னால் எம்மவர் பலர் கூறும் பதில் என்ன? "நாங்கள் பாகிஸ்தானியர் அல்லர், பொருட்படுத்தாதே" என்பதுதானே! கெட்ட வார்த்தைக்குக் கையை ஓங்கும் நாம், இனவசைக்குப் புவியியல் பாடம் நடத்துகிறோம்.

இங்கிலாந்தின் சட்டமோ அவ்வாறு பார்ப்பதில்லை. 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரை எந்த இனத்தவரெனக் குற்றவாளி கருதினாரோ அதுவே போதுமானது. அக்கணிப்புச் சரியாக இருக்கவேண்டியதில்லை. 2007இல் ரொஜர்ஸ் வழக்கில், நாட்டின் பெயரே சொல்லாது "அந்நியர்கள்" என்று திட்டியதையும் இனப்பகைமையாகக் கொள்ளலாம் எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை வந்து சொல்லும்போது எந்தச் சொல், யார் சொன்னார், யார் கேட்டார் என்பவற்றைத் திகதியுடன் எழுதிவையுங்கள். பாடசாலைக்குக் கடிதம் எழுதி, இதனை இனவெறிச் சம்பவமாகப் பதிவு செய்யுமாறு கேளுங்கள். இளையோரே, சொல்லின் பொருள் எமக்கு விளங்காவிடில் கூச்சமின்றி விளக்குங்கள்; மேலாளரிடம் போய் வங்கியின் பெயர் கேட்கும் நிலை இன்னொருவருக்கு வரவேண்டாம்.