வெள்ளை அடித்தால் விலை ஏறுமா?

பழைய ஃபிளாட்டை விற்கப் போகிறவருக்கு இப்போது எங்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ரெண்டு லட்சம் போட்டுப் பெயின்ட் அடிச்சு, நல்ல சோபா, திரைச்சீலை எல்லாம் வெச்சுக் காட்டுங்க. அஞ்சு லட்சம் கூடவே கேக்கலாம்." அமெரிக்காவில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர் பெற்ற இந்த யோசனையின் கணக்கு, சென்னையின் மறுவிற்பனைச் சந்தையில் உதைக்கிறது.

முதல் வாதம்: அலங்காரம் விலையைக் கூட்டும். இதற்கு அமெரிக்காவிலேயே ஆதாரம் வலுவாக இல்லை. மார்க் லேன், மைக்கேல் சைலர், விக்கி சைலர் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே வீட்டைச் சுவர் நிறமும் அறைகலன்களும் மாற்றி, வீடு வாங்குவோர் 800-க்கு மேற்பட்டோருக்குத் திரையில் சுற்றிக் காட்டினார்கள். அழகான அறை பார்த்தவர்களுக்குப் பிடித்தது. அவர்கள் போட்ட விலை மட்டும் குறிப்பிடும்படி மாறவில்லை.

இங்கோ, பழைய ஃபிளாட்டின் மதிப்பில் பெரும்பகுதி யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கில் இருக்கிறது. வாங்குபவர் கடன் கேட்டால் வங்கி மதிப்பீட்டாளர் வருவார். பரப்பு, கட்டடத்தின் வயது, அக்கம்பக்கத்து விலை இவற்றைக் குறித்துக்கொள்வார். சோபா அந்தத் தாளில் ஏறாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டுக்கு மேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு ரூபாயையும் வாங்குபவர் கைக்காசாகத் தர வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வேறு காத்திருக்கிறது.

இரண்டாம் வாதம்: புதுப் பெயின்ட் குறையை மறைக்கும். காட்டிக்கொடுக்கத்தான் செய்யும். படுக்கையறை மேற்கூரையில் மட்டும் புது வெள்ளை பளிச்சிட்டால், விவரம் தெரிந்தவர் மேல்வீட்டுக் குளியலறைக் கசிவைப் பற்றித்தான் முதலில் கேட்பார். சட்டமும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, சாதாரணக் கவனத்துக்குப் புலப்படாத முக்கியக் குறைகளை, தெரிந்த விற்பனையாளர் தாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி.

மூன்றாம் வாதம்: சீக்கிரம் விற்கும். பாதி உண்மை. படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் வரக்கூடும். ஆனால் விற்பனை இழுபடுவது காகிதத்தில். மூலப்பத்திரம் காணோம், அடைத்த கடனின் அடமானம் வில்லங்கச் சான்றில் நீங்காமல் நிற்கிறது, பத்திரம் காலமான அப்பா பெயரில், வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில், அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை ஒன்று பால்கனியில் முளைத்திருக்கிறது. வங்கி வழக்கறிஞர் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலும், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

வீட்டைச் சுத்தமாக வைத்துக் காட்டுவதை யாரும் குறை சொல்லவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்குவதும், ஒழுகும் குழாயை மாற்றுவதும் சொற்பச் செலவு. வருபவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. அதற்கு மேல் கையில் இருக்கும் பணத்தைக் கசிவை நிறுத்தவும், அடமான ரத்தைப் பதிவு செய்யவும், வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் செலவிடுங்கள். கேட்பதற்கு முன்பே முழுக் கோப்பையும் எடுத்து வைக்கிறவருக்குத்தான் பேரத்தில் சொன்ன விலையில் நிற்கத் தெம்பு இருக்கும்.