மரக்கலத்தில் வந்தவர்கள் நாங்கள். மரப்பலகையைத் தொட்டால் மட்டும் குற்றமா?



பதிவு கொஞ்சம் நீளம். கடைசி வரை வாசியுங்கள். அதற்குப் பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வொய்ஸ் கட் சுற்றியது. பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் விளங்கியது. "படிப்பிக்கிற சேரே புள்ளையளக் கூட்டி வெச்சி வெளாட்டுக் கப்பல் செய்யிறார். நாளைக்கு ரிசல்ட் குறைஞ்சா ஆரு பொறுப்பு?" அதுதான் சாரம். அடுத்த நாளே ஒரு வாப்பா தன் மகனை வர விடாமல் நிறுத்திவிட்டார்.

அந்த சேர் நான்தான். ஆகவே பதிலையும் நானே சொல்கிறேன்.

என் மச்சான் டோஹாவிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டு வந்தார். அரபிகளின் பழைய பாய்மரக் கப்பலை 1:60 அளவில் மரத்தால் செய்கிற கிட். தரம் 9, 10 பிள்ளைகள் ஆறு பேர். வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு வருவார்கள், மஃரிப் பாங்கோடு போய்விடுவார்கள். வேலை நடப்பது என் வீட்டு விறாந்தையில். பாடசாலை நேரத்தில் ஒரு நிமிடமும் போகவில்லை. பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

"வெளாட்டுக் கப்பல்" என்றவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. உள்ளே கப்பல் இல்லை. மெல்லிய மரச் சட்டங்கள், ஈர்க்குப் போல நீண்ட பலகைத் துண்டுகள், நூல், துணி, ஒரு வரைபடம். அவ்வளவுதான். முதலில் அடிமரத்தில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்களை நேராக நிறுத்த வேண்டும். ஒரு சட்டம் ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலும் அந்த இடத்தில் பலகை குழி விழும். பிறகு பலகையைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, வளைத்து, உடுப்புக் கிளிப் போட்டுக் காயவிட்டு ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பலகை முறியும். யாருக்கும் கெஞ்சாது, யார் மகன் என்றும் பார்க்காது.

இதில் படிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? கப்பலின் நடுப்பகுதி அகலம், முனை ஒடுக்கம். நடுச் சட்டத்தின் வளைவை ஒரு கடதாசித் துண்டால் அளந்தால் 100 மில்லிமீட்டர். பலகையின் அகலம் 5. ஆகவே 20 பலகை. ஆனால் முனையில் அளந்தால் 60தான் இருக்கிறது. அதே 20 பலகையும் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 3 மில்லிமீட்டருக்குச் சீவ வேண்டும். விகிதம் என்றால் என்ன என்று கரும்பலகையில் நான் பத்துத் தடவை எழுதியும் தலையைச் சொறிந்த ஒரு பிள்ளை, இதைத் தானாகவே கணக்குப் போட்டுச் சொன்னான். வாப்பா நிறுத்திவிட்டது அந்தப் பிள்ளையைத்தான்.

பரீட்சை முக்கியமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சா/தரத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது என் தொழில். என் கேள்வி வேறு. பாடசாலை முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து இன்னொரு டியூஷன், சனி ஞாயிறும் டியூஷன். இந்தப் பிள்ளைகளின் கை எப்போது வேலை செய்யப் போகிறது? செயன்முறைத் தொழினுட்பத் திறன் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு ஒப்படை கொடுத்தால் என்ன நடக்கிறது? கடையில் காசு கொடுத்து ரெஜிபோம் வீடு வாங்கி வருகிறோம். உம்மா வர்ணம் பூசுகிறார், நானா பெயர் எழுதுகிறார், பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிறது. நாங்களும் புள்ளி போடுகிறோம். ஆம், ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு. அதற்கு யாரும் வொய்ஸ் கட் போடுவதில்லை. பிள்ளை தன் கையால் செய்தால்தான் ஊர் கொதிக்கிறது.

இன்னொருவர் மார்க்கத்தை இழுத்தார். உருவம் செய்வது கூடுமா என்றார். கப்பல் உயிருள்ள உருவம் அல்ல. ஐரோப்பியப் போர்க்கப்பல் கிட்களில் முன்பக்கத்தில் மனிதச் சிலை வரும். இதில் அதுவும் இல்லை. ஸகரிய்யா நபி தச்சராக இருந்தார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நூஹ் நபி கப்பல் கட்டும்போது அந்தப் பக்கமாகப் போன ஊர்ப் பெரியவர்கள் கேலி செய்ததை சூரா ஹூதில் ஓதுகிறோம். நஊதுபில்லாஹ், நபிமாரோடு என்னை ஒப்பிடவில்லை. பலகையும் கையுமாக இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காகச் சொன்னேன்.

நம்மைச் சிங்களத்தில் என்ன சொல்லி அழைக்கிறார்கள்? "மரக்கல". சிலர் அதை ஏச்சாகச் சொல்கிறார்கள், நாமும் கோபப்படுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் மரக்கலம் இருக்கிறது. கடலில் வந்த சமூகம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பல் ஒன்று கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை மாதிரியாக வைத்து ஓமானில் 18 மீட்டர் நீளத்தில் "மஸ்கட்டின் மாணிக்கம்" என்று ஒரு கப்பலைக் கட்டினார்கள். பலகைகளை ஆணியால் அறையவில்லை, தென்னந்தும்புக் கயிற்றால் தைத்தார்கள். 2010 பெப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து பாய் விரித்து, நம்ம காலித் துறைமுகத்துக்கும் வந்து, ஜூலையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய வேலையை அவர்கள் கையால் திரும்பச் செய்து பார்த்தார்கள். அதே கப்பலை 1:60 அளவில் செய்தால் 30 சென்ரிமீட்டர். நாம் அந்த முப்பது சென்ரிமீட்டருக்கே பயப்படுகிறோம்.

இப்போது அந்த வாப்பாவுக்கு.

பலகை ஒட்டும்போது வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாறி மாறித்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு போனால் அடிமரம் வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. இடது பக்கம் உங்கள் மகனுடைய பொறுப்பு. அவன் வராத நாளிலிருந்து வலது பக்கமும் நிற்கிறது. வேறொரு பிள்ளையைப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் வரட்டும் சேர்" என்கிறார்கள். கப்பல் ஏழு பலகையோடு என் விறாந்தை மேசையில் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு நீங்களே மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். அதன் பிறகும் இது வீண் வேலை என்று உங்களுக்குப் பட்டால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்படைக்குக் கடைக்குப் போகாதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததையே கொடுத்தனுப்புங்கள். அதற்குரிய புள்ளியை நான் போடுவேன். பள்ளிவாசல் பரிசளிப்பு விழாவில் 9ஏ எடுத்த பிள்ளைக்குப் பக்கத்தில், கையால் ஒன்றைச் செய்து முடித்த பிள்ளைக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன். வொய்ஸ் கட் வேண்டாம்.

வஸ்ஸலாம்.