கதையில் பேசாதவர் எழுதும் ஓலை

நாட்டுப்புறக் கதை விரைந்து செல்லும் இயல்புடையது. அரசன் வேட்டைக்குப் போகிறான், பன்றி பாய்கிறது, அரண்மனையில் ஒருத்தி மயங்கி விழுகிறாள். அவள் மனத்துள் நிகழ்ந்தது என்ன என்பதைக் கதை சொல்வதில்லை. சொல்ல அதற்கு நேரமும் இல்லை, கேட்போர் ‘அப்புறம்?’ என்று காத்திருக்கின்றனர். கதை சொல்லாமல் விட்ட அந்த இடமே பின்னால் வரும் எழுத்தாளர்க்கு வாய்ப்பாகிறது. பழங்கதை ஒன்றை எடுத்து, அதனை ஒரு காலத்திலும் ஓர் ஊரிலும் நிறுத்தி, காதலை அதனுள் வளர்த்து, மாந்தர் ஒருவர்க்கொருவர் எழுதும் கடிதங்களின் வாயிலாக மீண்டும் சொல்லும் முறை இன்று பல மொழிகளில் வழங்குகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் உடுக்கையொலியோடு பாடப்பட்டுவரும் கதைகளுக்கு இம்முறை பொருந்துமா? பொருந்தாது என்போர் இரண்டு காரணங்களைக் காட்டுவர். கடித இலக்கியம் மேலைநாட்டிலிருந்து வந்தது என்பது ஒன்று. எழுத்தறியா மக்கள் பாடிய கதையில் ஓலைக்கு இடமில்லை என்பது மற்றொன்று. முதற்காரணம் பிழையானது. இரண்டாவதில் நின்று சிந்திக்க வேண்டிய உண்மை உண்டு.

மேலைநாட்டில் இம்முறை தழைத்தது மெய்யே. பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ 1697இல் வெளியிட்ட தொகுப்பில் சிண்டரெல்லா கதை இடம்பெற்றது. இலண்டன் அச்சகத்தாரான சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740இல் ‘பமீலா’ என்னும் புதினத்தை வெளியிட்டார். பணிப்பெண் ஒருத்தி தன் செல்வந்தத் தலைவனை மணக்கும் அக்கதையில் சிண்டரெல்லாவின் சாயலை எவரும் காணலாம். நாட்டுப்புறத்தார்க்குப் பயன்படும் மாதிரிக் கடிதங்களைத் தொகுத்துத் தருமாறு நூல் வணிகர் இருவர் கேட்டதனால் எழுதத் தொடங்கியவர் ரிச்சர்ட்சன். அந்தப் பணியின் இடையிலேயே புதினம் பிறந்தது. அடுத்த ஆண்டே ஹென்றி ஃபீல்டிங் அதனை எள்ளி ‘ஷமெலா’ எழுதினார். தலைவன் அறைக்குள் நுழையும்போதும் எழுதுகோலைக் கீழே வைக்காத நாயகியை அவர் கேலி செய்தார். கடிதக்கதை எழுதும் எவரும் இக்கேலியை மறத்தலாகாது. எழுதுவதற்கு ஓய்வும் தனிமையும் வேண்டும். அவை இல்லாதவர் கையில் எழுதுகோலைத் திணித்தால் கதை நகைப்புக்கு இடமாகும்.

எனினும் தமிழர் இதனை இலண்டனில் கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் தோன்றிய முறையை அதன் பதிகம் கூறுகிறது. வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைக் கண்டதாகக் குன்றக் குறவர் வந்து சொல்கின்றனர். மதுரைச் செய்தியை அறிந்திருந்த சாத்தனார் அவள் வரலாற்றை விரிக்கிறார். இளங்கோவடிகள் அதனைக் காப்பியமாக்குகிறார். மலைவாழ் மக்கள் வாய்மொழியாகச் சொன்னது, ஊரும் வேந்தரும் தெருவும் பெயரும் பெற்று வரலாற்றுக் காதற்கதையாக வளர்ந்தது என்றே இதனைக் கொள்ளலாம். கண்ணகிக்குக் கொங்கிளங்கோசர் தம் நாட்டில் விழா எடுத்த செய்தியும் அந்நூலின் உரைபெறு கட்டுரையில் உள்ளது. ஆகவே இக்கதை கொங்குநாட்டிற்கும் புதியதன்று.

அக்காப்பியத்தினுள் கடிதங்கள் இரண்டு உள்ளன. இரண்டையும் எழுதியவள் மாதவி. முதற்கடிதத்தைத் தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதுகிறாள். அழகு மிகுந்த அம்மடலைக் கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல்மகளின் நடிப்பு அது என்று தள்ளிவிடுகிறான். அந்தக் கடிதம் தோற்றதற்கு அதன் அலங்காரமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. இரண்டாம் கடிதம் அவன் மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கையில் வந்து சேர்கிறது. அதில் பூவுமில்லை, செம்பஞ்சுமில்லை. மண்ணிலகின்மேல் பதிந்த அவள் கூந்தலின் நெய்மணம் பழைய நாள்களை அவனுக்கு உணர்த்துகிறது. பிரித்துப் படித்தால் ஆறே அடிகள். தன் பிழை இன்னதென்று அறியாது வருந்துவதாக அவள் கேட்கிறாள், அவ்வளவே. தவறு தன்னுடையது என்று கோவலன் உணர்கிறான். அடுத்து அவன் செய்ததுதான் வியப்புக்குரியது. அந்த ஓலையையே தன் பெற்றோரிடம் கொண்டு சேர்க்குமாறு கோசிகனிடம் திருப்பித் தருகிறான். காதலி காதலனுக்கு எழுதிய சொற்கள், சொல்லாமல் ஊரைவிட்டுச் சென்ற மகன் பெற்றோர்க்கு எழுத வேண்டிய சொற்களாகவும் அமைந்துவிடுகின்றன. பெறுபவர் மாறினால் பொருளும் மாறும் என்னும் கடித இலக்கியத்தின் நுட்பம் இதனினும் சிறப்பாகக் கையாளப்பட்ட இடம் அரிது.

கண்ணகி கடிதம் எழுதவில்லை என்பதும் கருதத்தக்கது. அவள் கணவனுடன் நடந்து செல்கிறாள். எழுதுவதற்குரிய பிரிவு அங்கு இல்லை. பிரிவில் தள்ளப்பட்டவளுக்கே இளங்கோவடிகள் ஓலையைத் தருகிறார்.

பிற்காலத்தில் மறைமலையடிகள் எழுதிய ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921இல் வெளிவந்தது. இளங்கைம்பெண் ஒருத்தி தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாகவே அந்நூல் அமைந்தது. ஊரார் முன் வாய்திறக்க இயலாதவள் தாளில் பேசினாள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் ஓலைகளோடுதான். வந்தியத்தேவன் இடையில் செருகியிருக்கும் ஓலைகள் கதையை ஓடவைக்கின்றன. ஆனால் அங்கு ஓலை சுமக்கப்படும் பொருளாக இருக்கும் அளவுக்கு ஒரு மனத்தின் குரலாக இல்லை. வரலாற்றுப் புதினங்கள் பலவற்றிலும் இந்நிலையே தொடர்கிறது.

சேலத்திற்கும் இத்துறையில் ஒரு பங்கு உண்டு. ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் ‘மந்திரிகுமாரி’ திரைப்படத்தை வெளியிட்டது. கணவன் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளக் கருதியதை அறிந்து, அவனையே தள்ளிய குண்டலகேசியின் கதை அரசவை உடையணிந்து திரைக்கு வந்தது. குண்டலகேசிக் காப்பியமோ முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. மூலம் மறைந்தபின் மறுகூறலே மக்களுக்கு மூலமாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று. அந்நிறுவனமே 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் அரபுக் கதையையும் வண்ணப்படமாக்கியது.

கொங்குச் சமவெளியின் பெருங்கதை அண்ணன்மார் சுவாமி கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரும் அவர்தம் தங்கை அருக்காணி நல்லதங்காளும் அதன் தலைமை மாந்தர். உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் இக்கதையைச் சக்திக்கனல் நூலாக்கினார். கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் 1960களில் கொங்குச் சிற்றூரில் தங்கி ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். மு. கருணாநிதி ‘பொன்னர்-சங்கர்’ என்னும் வரலாற்றுப் புதினமாக எழுதினார்; அது 2011இல் திரைப்படமாயிற்று. ஆகவே இக்கதை மறுகூறலுக்கு அஞ்சும் கதையன்று. கடிதவடிவில் எழுதப்புகுவோர் இக்கதையில் யார் கையில் ஓலையைத் தருவது என்பதே கேள்வி.

தங்காள் என்பதே பலரும் உடனே சொல்லும் விடை. தீய கனவு கண்டு அண்ணன்மாரைத் தடுப்பவள் அவள்; அவர்கள் மடிந்தபின் படுகளம் தேடிச் செல்பவளும் அவளே. ஆயினும் அவளுக்குப் பாடலில் குரல் நிறையவே உண்டு. அவள் அழுகைக்குக் கேட்போரும் அழுவர். அவளை ஓலை எழுதவைத்தால் உரத்த குரல் ஒன்று தாழ்ந்துபோகும். கதையில் குரலற்றோர் வேறு இருவர் உள்ளனர். அவர்கள் பொன்னர், சங்கர் ஆகியோரின் மனைவியர். மணம் முடிந்தும் கணவரோடு இல்லறம் காணாமல் தனித்து வாழ்ந்தவர் அவர்கள் என்று கதை கூறிச் செல்கிறது. வீரர் பெருமையைச் சொல்ல அச்செய்தி பயன்படுகிறது; அப்பெண்களின் நாள்கள் எவ்வாறு கழிந்தன என்று கதை கேட்பதில்லை. ஒரே நாட்டில் ஒரே குடும்பத்தில் இருந்தும் நெடுந்தொலைவில் வைக்கப்பட்ட அவர்களுக்கு ஓலை தேவைப்படுகிறது. காதற்கதை ஒன்று அங்கேதான் எழுதப்படாமல் கிடக்கிறது. மறுமொழி வாராத ஓலைகளாகவே அது அமையினும் குறையில்லை.

எழுத்தறியா மக்களின் கதையில் ஓலை எப்படி வரும் என்னும் தடை இங்கு எழும். நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானையோடுகள் அகழ்வில் கிடைத்துள்ளன. கொங்குநாட்டில் எழுத்து அரண்மனைக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் அதனாலேயே கதையில் வரும் எல்லாரும் எழுதினர் என்று கொள்வதும் பொருந்தாது. எழுதத் தெரியாதவள் பிறரைக்கொண்டு எழுதுவித்த ஓலை, எழுதியவருக்கும் அவள் மனத்தைத் திறந்துகாட்டும். அந்தத் தயக்கத்தையும் எழுத்தில் கொண்டுவருபவரே நல்ல எழுத்தாளர்.

இனி, வரலாறு என்னும் சொல். கதைக்கு ஒரு நூற்றாண்டைக் குறித்துவிட்டால் அதற்குரிய கடமைகள் பின்தொடரும். சேலம், நாமக்கல் பகுதியில் இன்று எங்கும் காணப்படும் மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததே. போர்ச்சுகீசியர் வருகைக்கு முற்பட்டதாகக் காட்டும் ஓலையில் மரவள்ளிக்காடு வருமானால், காதல் எவ்வளவு உருக்கமாயினும் காலம் பொய்யாகும். மொழியிலும் இதே கவனம் வேண்டும். அண்ணன் மனைவியை நங்கையா என்றும் தாயின் தந்தையை அப்பிச்சி என்றும் அழைக்கும் கொங்குவழக்கு, ஓலையின் செந்நடைக்கிடையே ஓரிரு இடங்களில் தலைகாட்டினால் போதும். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இதற்குத் துணைசெய்யும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கதைக்கு ஆண்டு குறித்து, ஊர் குறித்து, ஓலையும் காட்டிவிட்டால் அதனை மெய்வரலாறாகவே கொள்வோர் உளர். ‘ஓலையில் எழுதியிருக்கிறதே’ என்று புனைந்த ஓலையைச் சான்று காட்டி, ஒரு குடியை உயர்த்தவும் மற்றொன்றைத் தாழ்த்தவும் முற்படுவர். அண்ணன்மார் கதையில் வேட்டுவர் எதிரிகள். அவர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஓலை புறப்பட்டால் கொம்பன் என்னும் பன்றியை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதும் தெரியவரும். ஒருவர் கதை சொன்னால் ஒரு பக்கமே தெரியும். பலர் எழுதும் ஓலைகள் ஒன்றையொன்று மறுக்கும். கடிதவடிவத்தை இக்கதைக்குப் பரிந்துரைப்பதற்கு வேறெதனினும் வலிய காரணம் இதுவே.

இழப்பும் இல்லாமலில்லை. காவிரிக்கு அப்பால், மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது கூடுவோர் இக்கதையைத் தனித்தனியே படிப்பதில்லை. ஒன்றாக நின்று கேட்கின்றனர். கொங்கு ஊர்களின் படுகளச் சடங்கில் வீழ்ந்து கிடப்போரை எழுப்பும் அந்த உடுக்கையொலியை எந்த ஓலையும் தர இயலாது. பாடுவோர் இருக்கும்போதே அவர்களை அமர்ந்து கேட்டபின் எழுதத் தொடங்குவது முறை.

அவ்வாறு எழுதத் தொடங்குபவர் முதல் ஓலைக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுண்டு. அண்ணன்மாரின் தோழனாகவும் ஏவலனாகவும் உடன்செல்பவன் சாம்புவன். அரண்மனை வாசலில் நின்று அந்த ஓலையை வாங்கிக்கொண்டு களத்துக்கு ஓடப்போகிறவன் அவனே. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியுமா?