குளியலறைக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் முன்னே



தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களைக் கேட்கிறேன். நம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி எங்கே இருந்தது? அஞ்சடித் தூணில் ஓர் ஆணி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் முதுகுக்குப் பின்னால் சீப்பு, ஓரத்தில் அம்மா ஒட்டிவைத்த பொட்டுகள். குளியல் குழாயடியில். அந்த இடத்தில் கண்ணாடி மாட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்போம்.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க ஓர் அறை இருக்கிறது. அதில் ஒரு கண்ணாடி வேண்டும், அதற்கு நல்ல மரச்சட்டம் போடவேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நாங்களும் ஆசைப்பட்டோம். பட்டும் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். கிள்ளானில் தம்பி வீடு வாங்கியதும் அவனோடு போய்ச் சேர்ந்தார். குளியலறையில் தம்பி ஒரு கண்ணாடியை மாட்டினான், தன் உயரத்துக்கு. அம்மாவோ நாலடி ஒன்பது அங்குலம். அவருக்கு அதில் தெரிந்தது நெற்றியும் வகிடும்தான். ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தே பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பேத்தி ஒருநாள், "பாட்டி, உங்க பொட்டு கோணலா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சரி, அளவெடுத்தே செய்துவிடுவோம் என்று தீர்மானித்தோம். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "சட்டத்த கித்தா மரத்துலயே போடச் சொல்லும்மா. அந்த மரந்தானே நமக்குச் சோறு போட்டுச்சு."

எங்களுக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆசாரி மறுபேச்சுப் பேசாமல் 100 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார். சட்டம் பாலாடை நிறத்தில் அழகாகத்தான் வந்தது. எட்டாம் மாதம் கீழ்ச்சட்டத்தில் கரும்நீலக் கறை. தரையில் மாவு சலித்ததுபோல் தூள். மூலைகள் வாய் பிளந்தன. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் எறும்பு வரிசைபோலக் கறுப்பு ஏறியது.

கித்தா மரத்தைக் குறை சொல்லாதீர்கள். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்துவிட்டு வெட்டப்படுகிற மரம் அது. ஒரு காலத்தில் அதை விறகாகத்தான் எரித்தார்கள். பின்னால் அதைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டு, நாற்காலி, மேசை, கட்டில் என்று செய்து கப்பலேற்றினார்கள். ஜொகூரில் மூவார் பட்டணம் தளவாடத்துக்குப் பேர் வாங்கியதில் நாம் வெட்டிய மரத்துக்கும் பங்குண்டு. ஆனால் அந்த மரத்துக்குள் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணமும் வண்டும் தேடி வந்துவிடும். அதனால்தான் அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்துகிறார்கள். அந்த உப்போ தண்ணீரில் கரைவது. கூடத்தில் உலர்ந்து இருக்கும்வரை மரத்தைக் காக்கும். தினமும் தண்ணீர் தெறிக்கும் குளியலறையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பிறகு மரத்துக்குக் காவல் இல்லை. எங்கள் சட்டம் முறையாகப் பதப்படுத்திய பலகைதானா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த மரம்? வசதி இருந்தால் தேக்கு. அதைவிட நம் நாட்டுச் செங்கால் மரம் ஈரத்துக்கு அஞ்சாதது. படகும் பாலமும் கட்டிய மரம் அது. புதிதாக வாங்கினால் விலை கையைச் சுடும். ஆனால் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவு நிலை, சன்னல் நிலைகளில் கிடைக்கும். அறுக்கிற ஆசாரி முணுமுணுப்பார், அவ்வளவு கடினம். மெராந்தி நடுத்தரம், வார்னிஷ் ஒழுங்காகப் போட்டால் சமாளிக்கும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஈரம் பட்டால் ஊறிப்போன ரொட்டிபோல் உப்பிவிடும்.

இனி அளவு. குடும்பத்தில் உயரமானவரைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து, கண் மட்டத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். குள்ளமானவருக்கும் அப்படியே. மேல்கோட்டுக்கு 4 அங்குலம் மேலே கண்ணாடி தொடங்கட்டும், கீழ்க்கோட்டுக்கு 6 அங்குலம் கீழே முடியட்டும். எங்கள் வீட்டில் தம்பியின் கண் 63 அங்குலத்தில், அம்மாவின் கண் 53 அங்குலத்தில். ஆக, தரையிலிருந்து 47 முதல் 67 அங்குலம் வரை, 20 அங்குல உயரக் கண்ணாடி போதுமாயிற்று. ஆறு அங்குலம் போதுமா என்று கேட்பீர்கள். கண்ணுக்கு 6 அங்குலம் கீழே கண்ணாடி முடிந்தால், நம் உடம்பில் 12 அங்குலம் கீழே வரை தெரியும். கிட்டே நின்றாலும் எட்டி நின்றாலும் அதே கணக்குத்தான். நம்பாவிட்டால் இன்றைக்கே நின்று பாருங்கள்!

ஆசாரியிடம் அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். 20 அங்குலம் என்பது கண்ணாடியின் அளவா, சட்டத்தின் வெளி அளவா என்பதையும் எழுதுங்கள். பாதித் தகராறு அங்கேதான் பிறக்கிறது. முதலில் சட்டம் முடியட்டும், பிறகு கண்ணாடி அறுக்கட்டும். சட்டத்துப் பள்ளத்தைவிடக் கண்ணாடி இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் சிறியதாக இருக்கவேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பும். இடம் விடாவிட்டால் கண்ணாடியை நெரிக்கும்.

மூலையைச் சாய்வாக வெட்டிப் பசை தடவி ஆணி அடிப்பது சுலபமான வேலை. ஈரத்தில் முதலில் பிளப்பதும் அதுதான். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் துளை போட்டுச் செருகச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும். கொடுக்கலாம்.

யாரும் பார்க்காத பின்பக்கத்தில்தான் கண்ணாடியின் ஆயுள் இருக்கிறது. கண்ணாடிக்கு முகம் காட்டும் குணத்தைக் கொடுப்பது அதன் முதுகில் பூசிய மெல்லிய வெள்ளிப் பூச்சு. 1835-இல் லீபிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டுபிடித்த வழியிலிருந்து வளர்ந்த வேலை அது. ஓரத்தில் ஈரம் நுழைந்தால் வெள்ளி கறுக்கும், கறுத்தது வெளுக்காது. ஆகவே கண்ணாடியைப் பொருத்துமுன்பே சட்டத்தின் எல்லாப் பக்கத்திலும், முக்கியமாக அறுத்த நுனிகளில், மூன்று தடவை வார்னிஷ் ஏறவேண்டும். முன்பக்கம் மினுங்கினால் போதும் என்று பின்பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, திருப்பிப் பாருங்கள். சிலிக்கோன் பசை வைத்தால் வினிகர் வாடை அடிக்காத வகையாகக் கேளுங்கள். அந்த வாடை அடிக்கும் வகை வெள்ளிப் பூச்சை அரிக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கால் அங்குலமாவது இடைவெளி விட்டு மாட்டுங்கள், காற்று போய்வரட்டும். எங்களுடையது சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ கனம். ஒற்றை ஆணியை நம்பாமல், துருப்பிடிக்காத இரண்டு திருகாணி போட்டோம்.

தொட்டியில் மொண்டு ஊற்றும் தண்ணீர் நேராகச் சுவரில் அடிக்கிற சின்ன அறையாக இருந்தால், எந்த மரமும் வேண்டாம் என்பதே என் யோசனை. வெளியே முகம் கழுவும் இடத்தில் மாட்டிவிடுங்கள். ஆசைக்காகக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

எங்கள் இரண்டாவது சட்டம் பழைய கதவு நிலையின் செங்கால். அதன் கீழே இரண்டு அங்குல அகலத்தில் ஒரு தட்டு வைக்கச் சொன்னார் அம்மா, பொட்டுச் சிமிழுக்கு. இந்தத் தடவை முன்பணம் கொடுக்கும் முன்பு பலகையை நானே தூக்கிப் பார்த்தேன். கித்தாச் சட்டத்தைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. வண்டு தொடாத மேல்சட்டத்தை மட்டும் அறுத்தெடுத்து, வெயிலில் காயவைத்து, கூடத்துச் சுவரில் சாவி மாட்டும் பலகையாக வைத்திருக்கிறார்.

துடைக்கும்போது மருந்துத் தண்ணீரைக் கண்ணாடிமேல் நேராகப் பீய்ச்சாதீர்கள். வழிந்து கீழ் ஓரத்தில்தான் போய்த் தேங்கும். துணியில் நனைத்துத் துடைத்து, ஓரத்தை உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டவே வேண்டாம்.