முன்னதாக வாங்கும் எரிபொருள்

வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலைக் குறுக்காகக் கடக்கும் ‘ஆதித்யா’ என்னும் சூரிய சக்திப் படகைக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் ஓட்டத்துக்கு விட்டது. 75 பேரை ஏற்றிக்கொண்டு, டீசல் புகையும் இரைச்சலும் இன்றி ஒரு படகு அன்றாடம் சேவை செய்யக்கூடும் என்பது அன்று முதல் பிரத்தியட்சமாயிற்று; 2023 ஏப்ரலில் கொச்சியில் நீர் மெட்ரோ தொடங்கிய பிறகு, மின்சாரப் படகு என்பது அந்நகரத்தாருக்குப் பேருந்தைப் போன்ற சாதாரண விஷயமாகிவிட்டது. ஆயினும் அதே காயலிலும், அதில் வந்து விழும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை ஆறுகளிலும், வலையை ஏற்றிக்கொண்டு புறப்படுகிற சிறு மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் இன்னமும் துடுப்பையும் கழியையும், அல்லது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடிக்கும் மோட்டாரையும் நம்பியே நடக்கின்றன. எழுபத்தைந்து பேரைச் சுமக்கும் கலத்துக்குச் சாத்தியமான ஒன்று, இருவரையும் ஒரு வலையையும் சுமக்கும் கலத்துக்கு ஏன் எட்டாமற் போயிற்று? இந்தக் கேள்விக்கு விடையை யந்திரத்தில் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

யந்திரம் பழையது. 1838-ஆம் ஆண்டிலேயே ருஷ்யாவில் நீவா நதியின்மீது மோரிட்ஸ் யாக்கோபி என்னும் விஞ்ஞானி மின்கலங்களின் சக்தியால் பத்துப் பேருக்கு மேல் ஏற்றிய படகொன்றை ஓட்டிக் காட்டினார். 1881-இல் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் குஸ்தாவ் த்ரூவே ஓட்டிய சிறு படகில், சுக்கானோடு சேர்த்துக் கழற்றி மாட்டத்தக்க மின் மோட்டார் இருந்தது. இன்று நாம் படகின் பின்னால் தொங்கவிடும் மோட்டாருக்கு அதுவே முன்னோடி. பெட்ரோலில் ஓடும் அத்தகைய மோட்டார் சந்தையைப் பிடித்ததோ இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னர்தான். ஆகவே சிற்றாற்றுப் படகுக்கு மின்சாரம் புதிதாக வந்த விருந்தாளி என்று எண்ணுவது சரித்திரத்துக்கு முரணானது. முந்தி வந்தது அதுவே. மின்சாரத்தைச் சேமித்துச் சுமக்கும் கலம் கனமாகவும் அற்பாயுளாகவும் இருந்த காரணத்தால், ஒரு தகர டப்பாவில் அடங்கிய எண்ணெயின் முன் அது நிற்க மாட்டாமல் ஒதுங்கிற்று. அந்தக் குறை இன்று பெருமளவு நீங்கிவிட்டது.

ஆற்று மீனவனுடைய தொழில் எத்தன்மையது என்பதை நோக்கினால், மின் மோட்டார் அவனுக்கென்றே ஏற்பட்டதோ என்று தோன்றும். அவன் போகிற தூரம் சில கிலோமீட்டர்; போகிற வேகம் நடையைவிடச் சற்று மிகுதி; மாலையில் வலையை விரித்து விடியலில் எடுக்கிறவனுக்கு அடிக்கடி நிறுத்தவும், வலையோரமாக அடி அடியாக ஊரவும், பின்னோக்கி நகரவும் வசதி வேண்டுமேயன்றிப் பாய்ச்சல் வேண்டுவதில்லை. படகின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது நீரின் விதி. அதே விதியின் மறுபக்கம் யாதெனில், வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்பவனுக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். போய்ச் சேர இரு மடங்கு நேரம் ஆனபோதிலும், அதே தூரத்துக்கு அவன் செலவிடும் மின்சாரம் நாலில் ஒன்றாகிவிடும். 5 அல்லது 6 மீட்டர் நீளமுள்ள வள்ளம், இரு மனிதரும் வலையும் ஏறிய பாரத்தோடு, அமைதியான நீரில் மணிக்கு 6 கிலோமீட்டர் செல்லச் சுமார் அரைக் கிலோவாட் சக்தி போதுமானது. 24 வோல்ட்டும் 100 ஆம்பியர் மணியும் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, அதன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினாலும், 2 யூனிட் மின்சாரம் கொடுக்கும். அதாவது நாலு மணி நேரம் ஓடலாம், 24 கிலோமீட்டர் போகலாம். கடலுக்குப் போகிறவனுக்கு இது கேலியாகத் தோன்றலாம்; வேம்பநாட்டில் வலை போடுகிறவனுக்கோ இது ஒரு நாள் தேவைக்கு மேற்பட்டது.

ஆனால் மோட்டாரைப் பொருத்துவது என்பது கடையில் வாங்கி வந்து மாட்டிவிடும் காரியமல்ல. ஆஞ்சிலிப் பலகையால் ஆன நாட்டு வள்ளத்துக்கு முன்முனையாகிய அணியமும் பின்முனையாகிய அமரமும் ஒன்று போலவே குறுகிக் கூர்த்திருக்கும். மேனாட்டுப் படகின் பின்புறத்தில் இருப்பது போன்ற தட்டையான குறுக்குப் பலகை, மோட்டாரைக் கவ்வ வைப்பதற்கு அங்கே கிடையாது. ஆகையால் இரு விளிம்புகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு மரச்சட்டம் இறுகக் கட்டி, அதன் ஒரு முனையில் மோட்டாரைத் தொங்கவிட்டு, ஆழமற்ற வாய்க்கால்களில் விசிறி சேற்றைத் தொடாதபடி மேலே தூக்கிக்கொள்ளவும் வழி செய்தல் வேண்டும். பெட்ரோல் மோட்டாரில் யந்திரத்தின் எடை, எண்ணெயின் எடை, ஓட்டுபவனின் எடை ஆகிய மூன்றும் அமரத்திலேயே குவிந்து, அணியம் மேலே எழும்பி, வள்ளம் தன் வழியை இழக்கும். மின் மோட்டாரிலோ பேட்டரியைத் தனியே பிரித்து நடுவிலோ அணியத்தின் பக்கமோ வைத்துச் சமநிலையைத் திருத்திக்கொள்ளலாம்; பலரும் கவனியாமல் விடும் பெரிய அனுகூலம் இது.

அந்த அனுகூலத்துக்கும் ஒரு விலை உண்டு. பேட்டரி தள்ளிப் போகப் போகக் கம்பி நீளும். கம்பி நீண்டால் அதில் மின்சாரம் வெப்பமாக விரயமாகும். அரைக் கிலோவாட் சக்தியை 12 வோல்ட்டில் அனுப்பினால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். 24 வோல்ட்டில் அதில் பாதியே ஓடும். பாதியாகும்போது அதே கம்பியில் ஏற்படும் விரயம் நாலில் ஒன்றாகிவிடும். ஆதலால் மெல்லிய கம்பியையும் தாழ்ந்த வோல்ட்டையும் சிக்கனம் என்று கருதித் தேர்ந்தெடுப்பவன், தான் மிச்சம் பிடித்த காசைத் தினந்தோறும் நீருக்கு வெளியே சூடாக இழக்கிறான். பேட்டரியின் முனைக்கு அருகிலேயே தகுந்த ஃபியூஸ் ஒன்று இருத்தல் வேண்டும். ஏனெனில் ஆகாயத்தாமரையின் வேர்கள் விசிறியைச் சுற்றி இறுக்கும் வேளையில் மோட்டார் நின்றுவிட, மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாயும். 1970-களில் எழுந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை அடைபட்டிருக்கும் மாதங்களில் அதன் தெற்கே நன்னீரும் வடக்கே உப்புநீருமாகக் காயல் இரு வேறு குணங்கொண்டு நிற்பதால், வடபகுதியில் ஓடும் மோட்டாரின் உலோகத்தைக் காக்கத் துத்தநாகத் துண்டு பொருத்தி, அது கரைந்ததும் மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டும். இவற்றில் எதுவும் ஊர்த் தச்சனுக்கும் மின்வேலைக்காரனுக்கும் மிஞ்சிய வித்தையல்ல.

இனி வரவு செலவுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. ஆனால் சிறிய மோட்டாரொன்று அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் படகைத் தள்ளும் விசையாக மாற்றுகிறது. எஞ்சியது சூடாகவும் புகையாகவும் போகிறது. பழைய இரு வீச்சு மோட்டார்களிலோ எண்ணெயில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எரியாமலே நீரில் கலந்து, அதே நீரை வடிகட்டி உண்டு வாழும் கறுப்புச் சிப்பிகளின் வாய்க்குச் செல்கிறது. அச்சிப்பியை மூழ்கி வாரி ஜீவிக்கிறவர்களும் இதே காயலோரத்து ஏழைகளே. மின் மோட்டார் தான் பெறும் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை விசையாக்கும். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் சுமார் 2 யூனிட் மின்சாரம் செய்துவிடுகிறது. நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோலுக்கு எதிரே நிற்பது, ஏற்றும்போது ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்து, இருபது ரூபாய் அளவிலான மின்சாரம். கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் மீனவன் ஏன் மாறவில்லை?

காரணம் இதுதான்: பெட்ரோலை அவன் அன்றன்றைக்கு வாங்குகிறான்; பேட்டரியை வாங்குகிறவனோ பல ஆண்டுகளுக்கு வேண்டிய எரிபொருளை ஒரே நாளில் வாங்குகிறான். 2 யூனிட் வீதம் 2,000 முறை ஏற்றி இறக்கத்தக்க லித்தியம் பேட்டரி, தன் ஆயுளில் 2,000 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். அந்தப் பெட்ரோலின் விலையில் ஒரு சிறு பகுதியே பேட்டரியின் விலை என்பது மெய். ஆனால் அப்பகுதியை இன்றே, ஒரே தவணையில் கொடுக்க வேண்டும் என்பதும் மெய். நேற்றைய மீனை விற்று இன்றைய எண்ணெய் வாங்குகிறவனுக்கு இரண்டாவது மெய்யே பெரிதாகத் தெரிகிறது. ஆகவே அவன் துணிந்து மாறினாலும் விலை குறைந்த ஈய அமில பேட்டரியையே நாடுவான். அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குன்றும். அதே 24 வோல்ட், 100 ஆம்பியர் மணி அளவில் எடை ஏறக்குறைய 60 கிலோ. ஆயுளோ சில நூறு தடவை. லாரியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியானால், அது யந்திரத்தைக் கிளப்பிவிடச் செய்யப்பட்டதேயன்றி ஆழமாக இறங்கி ஏறுவதற்காக அன்று. சில மாதங்களிலேயே உயிர்விடும். இவ்வாறு ஏழை, மலிவானதை வாங்கி அதிக விலை கொடுக்கிறான். முடிவில் மின்சாரம் நமக்கு ஒத்துவராது என்ற தீர்ப்பையும் எழுதிவிடுகிறான். வள்ளத்துக்குக் குறையில்லை, மோட்டாருக்குக் குறையில்லை. குறை முன்பணத்தில் இருக்கிறது.

முன்பணம் யாரிடமிருந்து வருகிறதோ அவரிடம் மீனும் போய்ச் சேரும் என்பதற்கு இந்தக் கேரளத்துக் கரையே சாட்சி. மீனவர் நலத்தை உத்தேசித்து 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் ஆரம்பமான இந்தோ-நார்வே திட்டம், நாட்டுப் படகுகளுக்குச் சிறு யந்திரம் பொருத்தும் எளிய நோக்கோடுதான் முதலில் புறப்பட்டது. அப்படகுகள் யந்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்டதும் புதிய படகுகள் வந்தன. புதிய படகுகளுக்குப் பின்னால் இழுவலை வந்தது. இழுவலைக்குப் பின்னால் இறால் ஏற்றுமதியின் பெருலாபம் வந்தது. அந்த லாபத்தைத் தேடி, கடலில் கால் வைத்தறியாத முதலாளிகளும் வந்தார்கள். எண்பதுகளில் சிறு மீனவர்கள் பதிலுக்குத் தாங்களும் மோட்டார்களை மாட்டிக்கொண்டபோது, ஒருவருக்கொருவர் குதிரைசக்தியில் போட்டியிட்டு, மண்ணெண்ணெய் மானியத்தை ஆண்டுதோறும் எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு ஆளானார்கள். யந்திரம் கரைக்கு வந்ததில் தவறில்லை. அது எவருடைய பணத்தில் வந்தது, எவ்வளவு பெரியதாக வந்தது என்ற இரு கேள்விகளையும் அன்று ஒருவரும் நேராகக் கேட்கவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து பார்த்தால் செய்ய வேண்டியது இன்னதென்று விளங்கும். மோட்டார் மீனவனுக்குச் சொந்தமாக இருக்கட்டும். பேட்டரி கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும். 1984 முதல் இயங்கிவரும் ‘மத்ஸ்யபெட்’ என்னும் கேரள மீனவர் கூட்டுறவு இணையம் போன்ற ஸ்தாபனம், ஒரே வோல்ட்டும் ஒரே அளவும் கொண்ட பேட்டரிகளைத் துறைதோறும் வைத்து, தீர்ந்ததை வாங்கிக்கொண்டு நிறைந்ததைக் கொடுத்து, அன்றன்றைக்கு அதற்குரிய சிறு தொகையைப் பெற்றுக்கொள்ளுமானால், எரிபொருளை அன்றன்று வாங்கும் மீனவனின் வழக்கத்தை மாற்றாமலே அவனுடைய எரிபொருளை மாற்றிவிடலாம். சூரியத் தகட்டையும் வள்ளத்தின்மேல் வைக்க வேண்டுவதில்லை. வலை வீசும் கைக்கு அது இடைஞ்சல், காற்றுக்கு அது பாய்மரம். அதன் இடம் துறைக் கொட்டகையின் கூரை. ஆண்டுதோறும் எரிந்து தீர்கிற எண்ணெய்க்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை இந்தப் பேட்டரிகளுக்கு மாற்றினால், பொதுப்பணம் பல ஆண்டுகளுக்கு நிற்கும் சொத்தாக மாறும்.

ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் குட்டநாட்டிலும் செங்ஙன்னூரிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் காத்தவை கடற்கரையிலிருந்து லாரிகளில் ஏற்றிவரப்பட்ட, சக்தி மிகுந்த மோட்டார் பூட்டிய மீனவர் படகுகளே. அரைக் கிலோவாட் மோட்டார் அந்த நீரோட்டத்தை எதிர்த்து ஓரடியும் நகர்ந்திராது. இது உண்மை. ஆனால் ஆபத்துக் காலத்துக்கு வேண்டிய சக்தியை ஒவ்வொரு சிறு வள்ளத்திலும் அன்றாடம் சுமந்து திரிவது விவேகமாகாது. மழைக்காலத்தில் ஆறு சீறும் நாட்களில் மீனவன் வள்ளத்தைக் கரையில் கட்டுவது முன்னோர் கற்ற பாடம். மின் மோட்டார் அந்தப் பாடத்தை மறக்கச் செய்யலாகாது, துடுப்பையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் செய்யலாகாது.

தமிழ்நாட்டில் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலேறி மீன் பிடிப்பவர்களுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. வட்டமான பரிசலுக்கு முன்னும் பின்னும் கிடையாது. ஓரத்தில் தள்ளினால் அது சுற்றுமேயன்றி முன்னேறாது. ஆனால் பழவேற்காட்டு ஏரியிலும் கொள்ளிடத்து முகத்துவாரத்திலும் வலை போடும் சிறு படகுகளின் தேவை வேம்பநாட்டு வள்ளத்தின் தேவைக்கு வெகு அருகில் இருக்கிறது. அங்கே இதைத் தொடங்க விரும்பும் அதிகாரிகள், எத்தனை குதிரைசக்தி மோட்டார் வழங்கலாம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குவார்களாயின், நீண்டகரையின் கதையை மறுபடி எழுதியவர்களாவார்கள். மீனவன் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகிறான், அந்தத் தூரத்துக்குரிய மின்சாரத்தின் முன்பணத்தை வட்டியின்றி யார் தாங்குவது என்று கேட்டுத் தொடங்குவார்களாயின், மோட்டாரின் அளவு தானே தீர்மானமாகும். பிடித்த மீனும் பிடித்தவனுடையதாகவே இருக்கும்.