நர்சு கேட்ட வார்த்தை

இரவு இரண்டு மணி. வார்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். பெரியவர் மட்டும் விழித்திருக்கிறார். பக்கத்தில் நிற்பது நர்சுதான்.

"போதும் அம்மா! இந்தக் குழாய் எல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சாகிறேன்" என்கிறார்.

விடிகிறது. பெரியவருக்கு நினைவு தப்பிவிடுகிறது. மூத்த மகன் ஓடி வருகிறார். "எவ்வளவு செலவானாலும் சரி, அப்பாவைப் பிழைக்க வையுங்கள்" என்கிறார். "அவரை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்?" என்று மகள் அழுகிறாள். இரவில் பெரியவர் சொன்னது நர்சுக்கு மட்டுமே தெரியும். வாயைத் திறக்கலாமா?

திறந்தால், "ஊசி போடுகிற வேலையைப் பார்" என்பார்கள். திறக்காவிட்டால் மனசாட்சி உறுத்தும். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய கதைதான் இது.

42 ஆண்டுப் பணிவிடை

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற இளம் நர்சு வேலை பார்த்தார். 1973-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, அங்கே துப்புரவு வேலை செய்த ஒருவன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கினான். மூளைக்கு ரத்தம் போகவில்லை. அருணா பேச்சு இழந்து படுக்கையில் விழுந்தார்.

உடன் வேலை பார்த்த நர்சுகளே அவருக்குச் சொந்தமானார்கள். மசித்த உணவு ஊட்டினார்கள். உடம்பைத் துடைத்துவிட்டார்கள். புரட்டிப் படுக்க வைத்தார்கள். பழைய நர்சுகள் ஓய்வு பெற்றார்கள், புதியவர்கள் வந்தார்கள். பணிவிடை நிற்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண் கூட இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே வியந்தது!

அருணாவை நிம்மதியாகச் சாக விடும்படி எழுத்தாளர் பிங்கி விரானி கோர்ட்டுக்குப் போனார். நர்சுகள் எதிர்த்தார்கள். 2011-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. அருணாவுக்காகப் பேச வேண்டியவர்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களே என்று கோர்ட்டு சொன்னது. மனு தள்ளுபடி ஆனது. 2015 மே 18-ந் தேதி நிமோனியா காய்ச்சலில் அருணா இறந்தார்.

அந்த நர்சுகளின் அன்பைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அருணாவின் விருப்பம் என்ன? அது ஒருவருக்கும் தெரியாது. அன்பு வேறு, விருப்பம் வேறு. ஊட்டிப் பழகிய கைக்கு நிறுத்த மனம் வராது.

டாக்டர்கள் மட்டும்

இன்று விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வழி இருக்கிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. 2023-ல் முறையை எளிதாக்கியது. 18 வயதான எவரும், இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட் அதிகாரி முன் எழுதலாம். மனம் மாறினால் ரத்து செய்யலாம். வீட்டுக்கும் நிலத்துக்கும் உயில் எழுதுகிறவர்கள், தம் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. பிள்ளைகள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்?

சிகிச்சையை நிறுத்த வேண்டுமானால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். இரண்டிலும் இருப்பவர்கள் டாக்டர்களே. இரவெல்லாம் பக்கத்தில் இருந்த நர்சுக்கு அங்கே நாற்காலி இல்லை. இது சரியல்ல. முடிவு செய்யும் அதிகாரம் நர்சுக்கு வேண்டாம். ஆனால் நோயாளி என்ன சொன்னார் என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா?

அதுவரை நர்சு ஒன்று செய்யலாம். பெரியவர் சொன்னதைச் சொன்னபடியே, மணியும் குறித்து, கேஸ் ஷீட்டில் எழுதட்டும். காலையில் வரும் டாக்டரிடம் காட்டட்டும். மகன் கோபிப்பார். கோபிக்கட்டும். எழுதியிருப்பது அவருடைய அப்பா சொன்ன வார்த்தை.