குடும்பத்தை மறந்தவரா மேஜர் முகுந்த்?

"குடும்பத்தையே மறந்து நாட்டுக்காக உயிரைக் கொடுத்த மாவீரர்!"

மேஜர் முகுந்த் வரதராஜன் என்று பேச்சை எடுத்தாலே இந்த வாக்கியம் தானாக வந்து விழுந்துவிடுகிறது. 2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபோது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க இதுதான். மேடையில் மைக் பிடிப்பவரும் இதையே சொல்கிறார், டீக்கடையில் பேப்பர் மடிப்பவரும் இதையே சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தப் பொய். பாராட்டு மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வரும் பொய்.

அந்த மனிதர் எப்போது குடும்பத்தை மறந்தார்? யாராவது தேதி சொல்ல முடியுமா?

தேதிகளைப் பார்த்துவிடலாம். 1983 ஏப்ரல் 12-ல் பிறந்தவர். காஞ்சிபுரம் ஏனாத்தூரில் பி.காம். (ஆமாம், பி.காம்.தான்! காமர்ஸ் படித்தால் ஆடிட்டர் ஆபீஸ், இல்லாவிட்டால் பேங்க் எக்ஸாம் என்று நினைக்கிற மகா ஜனங்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.) அப்புறம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமோ. அங்கேதான் இந்து ரெபெக்கா வர்கீஸைச் சந்திக்கிறார். 2006 மார்ச்சில் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ.விலிருந்து அதிகாரியாக வெளியே வந்து ராஜ்புத் ரெஜிமென்டில் சேர்கிறார். கல்யாணம் 2009 ஆகஸ்டில்.

நடுவில் இருக்கும் மூன்று வருடங்களைக் கவனியுங்கள். யூனிஃபார்ம் முதலில் வந்தது, தாலி பிறகு வந்தது. அவர் தமிழ்ப் பையன், அவர் மலையாளக் கிறிஸ்தவப் பெண். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் காத்திருந்து செய்துகொண்ட கல்யாணம். குடும்பம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பவன் இத்தனை வருடம் ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பானா? அந்தப் பெண்ணும் சும்மா ஏமாந்து கழுத்தை நீட்டவில்லை. பட்டாளத்துக்காரர் என்று தெரிந்து, அந்த வேலை என்னவெல்லாம் கேட்கும் என்பதும் தெரிந்து கட்டிக்கொண்டவர். 'குடும்பத்தை மறந்தார்' என்று ஒருவர் சொல்லும்போது இந்துவின் அந்த முடிவையும் சேர்த்துத்தான் அழித்துவிடுகிறார். மூட்டை முடிச்சு மாதிரி எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோன சாமானாகிவிடுகிறது குடும்பம்.

காமர்ஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், இது தப்பான கணக்குப் பதிவு. நாட்டுக்கு வரவு வைக்க வேண்டும் என்றால் குடும்பக் கணக்கில் பற்று எழுதியே ஆக வேண்டும் என்று யாரோ ஒரு கத்துக்குட்டி கணக்கப்பிள்ளை ஆரம்பித்து வைத்துவிட்டார். அந்த மனிதருக்கு இரண்டு பக்கமும் பற்று இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இந்தப் பேச்சு சாமளாபுரம் பக்கம் வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

ஒரு பையன் டிகிரி முடித்துவிட்டு ஆர்மிக்கு எழுதப் போகிறேன் என்கிறான். முதல் கேள்வி சம்பளம் பற்றி இல்லை, சாவு பற்றிக்கூட இல்லை. "பொண்ணு யாருங்க குடுப்பாங்க?" அதுதான். பையனுக்கு எத்தனை தறி, எவ்வளவு தோட்டம், திருப்பூரில் சொந்தமாக யூனிட் இருக்கிறதா என்று கேட்டுப் பழகிய வாய்க்கு வேறு கேள்வி வராது. கூடவே ஒரு தீர்ப்பு. "மிலிட்டரிக்காரன் குடும்பத்தப் பாக்க மாட்டானுங்க. வருசத்துக்கு ஒருக்கா வருவான், போவான்."

இதைச் சொல்பவர் யார்? பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர். அவர் கிளம்பும்போது குழந்தை தூக்கம், வரும்போதும் தூக்கம். கப்பல் ஏற்றும் தேதி நெருங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அவர் ஓடுவதும் குடும்பத்துக்காகத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஊரில் தறி வைத்திருப்பவர்களும் நூல் விலை, கூலிப் பேச்சுவார்த்தை, கரண்ட் பில் என்று ராத்திரி பகலாக அல்லாடுகிறவர்கள்தான். அவர்களை யாரும் 'குடும்பத்தை மறந்தவர்' என்று சொல்வதில்லை. 'குடும்பத்துக்காக மாடா உழைக்கிறாருங்க' என்றுதான் சொல்கிறார்கள். நியாயமான பேச்சு. அதே நியாயம் பாரமுல்லாவிலோ சோபியானிலோ நிற்பவனுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? ராணுவ அதிகாரிக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அவசரம் என்றால் கிடைக்காது, பாதியில் கூப்பிடவும் செய்வார்கள், உண்மைதான். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவன் பிள்ளை முகத்தைப் பார்க்கும் நேரம் சில கம்பெனி அப்பாக்களின் கணக்கை விடக் குறையாது. அமைதியான ஊர்களில் போஸ்டிங் கிடைக்கும்போது மனைவி மக்களோடு ஒரே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறான்.

எல்லா மிலிட்டரிக்காரரும் உத்தமர் என்று யாரும் சொல்ல வரவில்லை. லீவில் வந்து குடித்துவிட்டு வீட்டில் ரகளை செய்கிறவரும் உண்டு. அப்படிப்பட்டவர் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவரிடம் ஊர் கேட்கிற ஒரே கேள்வி "கேன்டீன் சரக்கு கெடைக்குங்களா?" என்றால், அதில் வெட்கப்பட வேண்டியது அவரில்லை :-)

முகுந்த் 2012 கடைசியில் காஷ்மீருக்கு, 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸுக்குப் போகிறார். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதற்கு முன்னால் லெபனானில் ஐ.நா. அமைதிப்படை வேலையும் பார்த்தவர். கல்யாணமாகி மொத்தம் நாலே முக்கால் வருடம்கூட முழுதாக இல்லை. அதில் இத்தனை பிரிவு. இந்தப் பிரிவு நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, வீடு மாற்றியது, மாமனார் மாமியாரையும் அப்பா அம்மாவையும் பார்த்துக்கொண்டது என்று ஒரு பட்டாளத்து வீட்டுப் பெண் செய்கிற வேலைக்கு எந்த மேடையிலாவது பேர் உண்டா? 'மறந்தார்' என்று சொல்லிவிட்டால் அந்த வேலையைக் கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை, பாருங்கள். எவ்வளவு சௌகரியம்!

2014 ஏப்ரல் 24. தமிழ்நாட்டில் மொத்தம் 39 தொகுதிக்கும் ஓட்டு. சாமளாபுரத்தில் தறியை நிறுத்திவிட்டுப் போய் விரலில் மை வைத்துக்கொண்டார்கள். அதே நாளில்தான் காஷ்மீர் அனந்த்நாக் தொகுதியிலும் ஓட்டு. அன்று மாலை சோபியான் மாவட்டத்தில் தேர்தல் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மேல் தீவிரவாதிகள் சுட்டார்கள். ஒரு தேர்தல் அதிகாரி இறந்துபோனார். மறுநாள் ஏப்ரல் 25, அதே மாவட்டத்தில் காஸிபத்ரி கிராமத்தில் ஒரு வீட்டில் ஹிஸ்புல் முஜாஹிதீன்காரர்கள் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்து முகுந்தின் ஆட்கள் வளைத்தார்கள். கமாண்டர் அல்தாஃப் வானி கொல்லப்பட்டான். சிப்பாய் விக்ரம் சிங் உயிரிழந்தார். முகுந்தும் உயிரிழந்தார். 31 வயது முடிந்து 13 நாள். மகளுக்கு மூன்று வயது.

இங்கே மை காய்ந்துகூட இருக்காது. ஓட்டுப் போட்டவனுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

2015 ஜனவரி 26 அன்று டில்லி ராஜபாதையில் (2022-லிருந்து கர்தவ்ய பத்) குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து அசோக சக்ராவை வாங்கிக்கொண்டவர் இந்து. அன்றைய விருந்தினர் ஒபாமா. உலகமே பார்த்த அந்த இடத்தில் நின்றது அவர் 'மறந்துபோன' குடும்பம்தான்.

அப்புறம் பத்து வருடம் பெரிய சத்தம் இல்லை. படம் வந்தது. ஜனங்கள் அழுதார்கள். அழுது முடித்ததும் இணையத்தில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. என்ன ஆராய்ச்சி? அவர் என்ன ஜாதி, படத்தில் அதை ஏன் காட்டவில்லை என்று! இந்தியன் என்று அறியப்படவே முகுந்த் விரும்பினார் என்று வீட்டார் சொன்னதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமியே வந்து விளக்க வேண்டியதாயிற்று. இன்னொரு கூட்டம் அதைவிட மேல். படத்தில் சாய் பல்லவி எழுதிக் கொடுக்கும் போன் நம்பர் நிஜத்தில் சென்னையில் ஒரு மாணவருடையதாகப் போய்விட, ராத்திரி பகல் பாராமல் அவருக்குப் போன் போட்டுத் தள்ளினார்கள். பாவம், அந்த மாணவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு வீரனின் கதையைப் பார்த்துவிட்டு வந்த கையோடு செய்த காரியங்கள் இவை.

தியேட்டரில் விசில் அடித்த அதே ஆள், வீட்டில் தம்பி சி.டி.எஸ். பரீட்சை எழுதுகிறேன் என்றால் "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறான். அடுத்தவன் வீட்டுப் பிள்ளை என்றால் மாவீரன், தன் வீட்டுப் பிள்ளை என்றால் பைத்தியமா? பயமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டால்கூட மரியாதை. பெற்றவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். முகுந்தின் அம்மாவுக்கு மட்டும் இல்லாமலா இருந்திருக்கும்? பயத்தை ஒளித்து வைக்க, 'மிலிட்டரிக்காரன் குடும்பத்தைப் பார்க்க மாட்டான்' என்று அந்தப் பிள்ளைகள் மேல் பழி போடுவதுதான் அசிங்கம்.

தெரியாதவர்களுக்காக: ஓ.டி.ஏ.வுக்கு எந்த டிகிரியும் போதும், பி.காம். உட்பட. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை சி.டி.எஸ். தேர்வு நடத்துகிறது. ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதுவதானால் கணக்குப் பேப்பர் கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். அதில் தேறினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு, பிறகு மருத்துவப் பரிசோதனை. பயிற்சி பரங்கிமலையிலும் நடக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான், சோமனூர் பிரவுசிங் சென்டரிலேயே போட்டுவிடலாம்.